மங்கையர்க்கரசிக்குக் கோபம் வந்தால்

பலவீனம். அந்தச் சொல்லை மங்கையர்க்கரசி நேற்று சாயங்காலத்திலிருந்து வாயில் அடக்கிக்கொண்டிருந்தாள். கரையவும் மாட்டேன் என்கிறது, துப்பவும் முடியவில்லை. உங்கள் பலவீனம் என்ன என்று கட்டாயம் கேட்பார்கள் என்று சொல்லிக்கொடுத்தது மகள் இலக்கியா. கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள். வேலைக்கு ஆள் எடுக்க வருகிறவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அங்கே தனியாக வாத்தியார் வைத்துப் பழக்குகிறார்கள். அந்தப் பாடத்தை அவள் அடுப்படியில் நின்று அம்மாவுக்கு நடத்தினாள். "பலவீனத்தைக் கேட்டா பலத்தைத்தான் சொல்லணும்மா. ஆனா முகத்தைக் கொஞ்சம் தொங்கப்போட்டுக்கிட்டுச் சொல்லணும். எதையும் கச்சிதமா முடிக்காம என்னால விட முடியாதுங்க, அதுதான் என் பலவீனம்னு சொல்லு." இது என்னடி, பொய் இல்லையா என்றதற்கு, "எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க, கேக்கிறவங்களுக்கும் தெரியும்" என்று வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே சொன்னாள். கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும், ஆனாலும் கேட்டுச் சொல்லித் தலையாட்டிக்கொள்வார்கள் என்றால் அது பெண் பார்க்க வருவது மாதிரி அல்லவா இருக்கிறது. பெண்ணுக்கு நன்றாகப் பாட வரும் என்று இவளுக்கும்தான் சொன்னார்கள். சுந்தரேசன் வீட்டார் நம்பினதாகக் காட்டிக்கொண்டு கேசரியைச் சாப்பிட்டார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அந்த மனிதர் ஒரு பாட்டுப் பாடேன் என்று கேட்டதில்லை. அந்த மட்டுக்கும் புண்ணியவான். கச்சிதமாக முடிக்காமல் விட முடியாது. கச்சிதமாக. முடிக்காமல். 'முடியாதுங்க' என்பதில் அந்த 'ங்க' வேண்டுமா வேண்டாமா. உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தாள். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் தன்னிடம்தான் ஏதோ கேட்கிறாள் என்று நிமிர்ந்து பார்த்தார். ஒன்றுமில்லை என்று தலையசைத்துவிட்டுப் புடவைத் தலைப்பை மடியில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஆடி மாதத்துக் கல்யாண மண்டபத்தைப் போல வெறிச்சோடிய இடம் வேறு கிடையாது. முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால்தான் மேனேஜர் வேலைக்கு ஆள் பார்க்க இவர்களுக்கு நேரம் கிடைத்திருக்கிறது. மேடையில் பின்னணி அலங்காரத்தை உரித்துவிட்டிருந்தார்கள். துருப்பிடித்த இரும்புச் சட்டம் பல்லிளித்துக்கொண்டு நின்றது. மடக்கு நாற்காலிகள் சுவரோரம் சாய்ந்து கிடந்தன. தரை கழுவுகிற மருந்து வாசனைக்கு அடியில், விடாப்பிடியாக, பழைய ரோஜாப்பூவும் சாம்பாரும் கலந்த ஒரு வாடை. அந்த வாடை மூக்கில் ஏறியதும் அவள் மனசு அவளைக் கேட்காமலே வேலையை ஆரம்பித்துவிட்டது. சாப்பாட்டுக் கூடத்துக்கு உள்ளே போகிற வழியும் கை கழுவிவிட்டு வெளியே வருகிற வழியும் ஒன்றாக இருக்கிறதே, சாம்பார் வாளியோடு வருகிறவன் ஈரக்கையோடு வருகிறவர் மேல் முட்டுவானே, நடுவில் ஒரு தடுப்புப் போட்டால் என்ன. மணமகள் அறைக்குப் பக்கத்திலேயே ஜெனரேட்டர், மேக்கப் போடுகிற பெண் காது செவிடாகிக் கத்திக்கொண்டிருப்பாள். இது உன் மண்டபம் இல்லையடி, உன்னை இன்னும் உள்ளேயே கூப்பிடவில்லை என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள். ஆனாலும் கண் போய்க்கொண்டேதான் இருந்தது. வருகிறவர்கள் மண்டபம் என்றால் விளக்கையும் மேடையையும் பார்ப்பார்கள். அவளுக்குத் தெரியும், கல்யாணம் என்பது கோபித்துக்கொள்வதற்கென்றே புதுச்சட்டை போட்டுக்கொண்டு வருகிற நூறு பேரைச் சமாளிப்பது. அவர்களுக்கு நடுவில் நின்று சாயங்காலம் வரை தாக்குப்பிடிக்கிறவர்தான் மேனேஜர். அவள் உறையூரில் ஒரு சின்ன மண்டபத்தில் அப்படித்தான் வருஷக்கணக்காக நின்றாள், ஆனால் மேனேஜர் என்ற பெயரில் இல்லை. மேனேஜருக்கு உதவி. உதவி என்பது ஒரு வேலையா, யாரோ ரோடு கடக்கக் கைபிடித்துவிட்டாற்போல.

உள்ளே, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், டை கட்டிய ஒரு ஆள் சிரிக்கிற சத்தம் கேட்டது. இவளுக்கு முன்னால் கூப்பிடப்பட்டவன். சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு, ஏற்கெனவே வேலையில் சேர்ந்து சம்பள உயர்வும் வாங்கிவிட்டவன் சிரிப்பு. அவனிடமும் கேட்டிருப்பார்கள். அவனும் கச்சிதம் என்றுதான் சொல்லியிருப்பான். அப்படியென்றால் இவள் போய் அதையே சொன்னால் இரண்டாவது கச்சிதமாக அல்லவா ஆகிவிடும். வேறு ஏதாவது யோசிக்கலாமா. நேரம் காலம் பார்க்காமல் உழைப்பேன். யாரையும் சீக்கிரம் நம்பிவிடுவேன். சீ, இதையெல்லாம் சொல்லும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது. உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. வந்ததுமே தொண்டைக்குக் கீழே, காறையெலும்பு இரண்டும் சேருகிற அந்தக் குழியில், ஒரு கல் வந்து உட்கார்ந்தது. அவளுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். தண்ணீர் அங்கிருந்துதான் கிளம்பும். இப்போது வேண்டாம், அம்மா தாயே, இப்போது வேண்டாம். சுவரில் தொங்கிய பிள்ளையார் காலண்டரை உற்றுப் பார்த்தாள். கல் கொஞ்சம் இறங்கியது.

அழுவது அவள் பலவீனம். அழுவது என்றுகூடச் சொல்ல முடியாது. அழுகை என்றால் அதற்குள்ளே துக்கம் இருக்க வேண்டும். அவளுக்குத் துக்கத்தில் கண் ஈரமாவதே இல்லை. அப்பா போனபோது வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்து, பந்தல்காரனிடம் பேசி, ஐஸ் பெட்டி வந்துவிட்டதா என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். பெற்ற பெண் ஒரு சொட்டு விடவில்லையே, கல்நெஞ்சுக்காரி என்று சித்தி காதுபடவே சொன்னாள். அந்தச் சொல்லுக்குத்தான் கண் கலங்கியது. பார்த்தாயா, இப்போதுதான் இறங்கியிருக்கிறது என்று எல்லாரும் அவளைக் கட்டிக்கொண்டார்கள். கோபம் அது. யாராவது அநியாயமாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றவர்களுக்குக் கை ஓங்கும், குரல் உயரும், முகம் சிவக்கும், இவளுக்குக் கண்ணிலிருந்து கொட்டும். ஆறாம் வகுப்பில் அறிவியல் டீச்சர், நீ பக்கத்துப் பெண்ணைப் பார்த்துத்தானே எழுதினாய் என்றார். பார்க்கவில்லை டீச்சர் என்று சொல்ல வாயைத் திறந்தாள், 'பார்க்க' வரைக்கும் வந்தது, அதற்குமேல் தண்ணீர்தான் வந்தது. தப்புப் பண்ணினவதான் அழுவா, உட்காரு என்றார் டீச்சர். அன்றைக்கு ஆரம்பித்தது. நியாயம் முழுக்க நெஞ்சில் வரிசையாக நிற்கும், முதல் சொல் வாசலைத் தாண்டும், கண்ணீர் முந்திக்கொண்டு ஓடிவந்து கதவை அடைத்துவிடும். சுந்தரேசன் நல்ல மனிதர்தான், பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர், ஊரெல்லாம் அவரிடம் கத்தும், வீட்டில் அவர் யாரிடமும் கத்த மாட்டார். ஆனால் சண்டை என்று ஒன்று வந்து இவள் கண் நிறைந்துவிட்டால் அடுத்த நொடி, சரி சரி அழாதே, நான்தான் தப்பு, போதுமா என்று தோளைத் தட்டிவிடுவார். எது தப்பு என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டார். தண்ணீரைத் துடைத்தால் போதும் என்று நினைக்கிறார். இந்தக் குடும்ப வாழ்க்கையில் அவள் பாதியில் நிறுத்திய வாக்கியங்களை ஒட்டவைத்தால் அந்த நீளம் மதுரை வரை போய்த் திரும்பும். ஒருமுறை அவரிடமே, நான் அழும்போது சமாதானப்படுத்தாதீங்க, காது கொடுங்க என்று சொல்ல ஆரம்பித்தாள். அதைச் சொல்லும்போதும் அழுகை வந்துவிட்டது. சரி சரி என்றார்.

உறையூர் மண்டபத்தில் நடந்ததை நினைக்கக்கூடாது என்றுதான் காலையில் பஸ் ஏறும்போது முடிவு செய்திருந்தாள். நினைக்கக்கூடாது என்று எடுத்துவைத்ததுதான் முதலில் வந்து முன்னால் உட்காருகிறது. போன பங்குனி. பெண் வீட்டுக்காரர் முசிறிப் பக்கம், கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒல்லியான மனிதர், ஒரே பெண். தாலி கட்டியாகிவிட்டது. முதல் பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குப் பாயசம் வரவில்லை, அவ்வளவுதான். வந்துகொண்டிருந்தது, பக்கத்து வரிசை வரை வந்துவிட்டது. அதற்குள் அந்தப் பெரியப்பா இலையை மடக்காமல் அப்படியே தூக்கித் தரையில் வீசினார். சோறும் கூட்டும் நாலு பேர் வேட்டியில் தெறித்தது. என்னை அவமானப்படுத்தக் கூப்பிட்டீர்களா, கூப்பிடு பெண்ணின் அப்பனை என்றார். பெண்ணின் அப்பா ஓடிவந்தார். கையைக் கூப்பினார். அது போதாதாம். கூடத்தில் எல்லாரும் பார்க்கக் காலில் விழ வேண்டுமாம், இல்லாவிட்டால் பெண்ணை இங்கேயே விட்டுவிட்டுக் கிளம்புவார்களாம். அந்த மனிதர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். விழப்போகிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. எல்லாரும் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். மங்கையர்க்கரசிக்கு அந்தக் குழியில் கல் வந்து உட்கார்ந்தது, கல் இல்லை, பாறை. எப்படி நடந்தாள் என்று தெரியாது. போய் அந்த அப்பாவின் முழங்கையைப் பிடித்தாள். எலும்பாக இருந்தது, நடுங்கிக்கொண்டிருந்தது. நிமிர்த்தினாள். இந்த மண்டபத்துல யாரும் யார் கால்லயும் விழக்கூடாதுங்க என்றாள். தாரை தாரையாகக் கொட்டிக்கொண்டிருந்தது, மூக்கு ஒழுகியது, குரல் கீச்சென்று உடைந்தது, ஆனால் சொன்னாள். பாயசம் வருது, உக்காருங்க, நானே போடுறேன், இவர் விழமாட்டாரு, பொண்ணு உங்க வீட்டுக்குத்தான் வரும், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை என்றாள். பெரியப்பா அவளைப் பார்த்தார். இப்படி அழுகிற பெண்ணிடம் எப்படிக் கத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. உட்கார்ந்தார். புது இலை போட்டு அவள் கையாலேயே பாயசம் ஊற்றினாள். அதுவும் வெளியே சிந்தாமல். சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் கார் ஏறிப் போனார்கள். மேனேஜர் நின்றுபோய்க் காலியாக இருந்த நாற்காலிக்கு அவளைப் போலவே காத்திருந்த பாஸ்கர் அந்த நேரமெல்லாம் ஜெனரேட்டர் ரூமில் டீசல் அளவு பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஊர் சொன்னதெல்லாம் ஒன்றுதான். அந்த மண்டபத்துப் பொம்பளை நடுக்கூடத்தில் நின்று ஓவென்று அழுததாம். விழப்போன மனிதரைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை, அவர் விழாததால் அதில் பேச ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. முதலாளி கூப்பிட்டு, அரசி, உன் உழைப்புக்குக் குறை சொல்ல முடியாது, ஆனா பொறுப்பான நாற்காலியில உக்காந்து அழுதா மண்டபத்துக்கு என்ன மரியாதை என்று கேட்டார். மேனேஜர் வேலை பாஸ்கருக்குப் போனது. அவளுக்கு அவரிடம் சொல்ல ஒரு பெரிய பதில் இருந்தது. வாயைத் திறந்தாள். கொட்டியது. பாத்தியா என்று அவரும், அந்த அறிவியல் டீச்சர் மாதிரியே, இரண்டு கையையும் விரித்தார். சித்திரை முகூர்த்தங்களைப் பாஸ்கருக்குக் கீழே நின்று முடித்துக்கொடுத்துவிட்டு வைகாசியில் நின்றுவிட்டாள். வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில் குழாயடியில், மொட்டை மாடியில், துணி மடிக்கும்போது, அந்தப் பதிலை முதலிலிருந்து கடைசிவரை முழுசாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். தனியாகச் சொல்லும்போது எவ்வளவு அழகாக வருகிறது. ஒரு சொட்டு இல்லாமல். எதிரே ஆள் இல்லாத நியாயத்துக்கு யார் மார்க் போடப்போகிறார்கள். கச்சிதம். அதையே சொல்லிவிட்டு வந்துவிடலாம். இலக்கியா படித்தவள், சும்மா சொல்ல மாட்டாள். கச்சிதமாக முடிக்காமல் என்னால்—

"மங்கையர்க்கரசி மேடம், உள்ளே வாங்க."

டை கட்டியவன் வெளியே வந்தான், போகிற போக்கில் இவளைப் பார்த்துப் பரிதாபமாக ஒரு புன்னகை விட்டான். உள்ளே மூன்று பேர். நடுவில் முதலாளி கதிரேசன், வெள்ளைச் சட்டை, பெரிய உடம்பு, யாரையும் கடிந்து பேசத் தெரியாத முகம். அவருக்கு இடப்பக்கம் மகள் நிரஞ்சனா, வெளியூரில் படித்துவிட்டு வந்து மண்டபத்தை எடுத்து நடத்தப் பார்க்கிறவள், முன்னால் லேப்டாப். வலப்பக்கம் கணக்குப் பார்க்கிற கோதண்டம், நெற்றியில் குங்குமம், பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். ஏசி குளிர் முழங்கையில் ஏறியது. உட்காருங்க என்றார்கள், உட்கார்ந்தாள். எத்தனை பேர் வேலை பார்த்தார்கள், சமையல்காரர் கடைசி நேரத்தில் வராவிட்டால் என்ன செய்வீர்கள், மழை பெய்து பந்தல் ஒழுகினால். எல்லாவற்றுக்கும் பதில் தானாக வந்தது. குரல் நன்றாக இருந்தது, இது யாருடைய குரல் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கல் இல்லை, குழி காலியாக இருந்தது. நிரஞ்சனா லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"உங்க பலவீனம்னு எதைச் சொல்வீங்க?"

வந்துவிட்டது. கேட்டே விட்டார்கள். இலக்கியா, உன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். மங்கையர்க்கரசி முகத்தைக் கொஞ்சம் தொங்கப்போட்டாள். "எதையும் கச்சிதமா முடிக்காம என்னால விட முடியாதுங்க."

நிரஞ்சனா தட்டச்சு செய்துகொண்டாள். முன்னால் போனவனுக்கும் அதையேதான் தட்டியிருப்பாள், விரல் யோசிக்காமல் போயிற்று. முடிந்தது, இவ்வளவுதானா. அப்போது கோதண்டம் பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"அது சரிம்மா. நாங்களும் விசாரிச்சோம். உறையூர் மண்டபத்துல ஒரு கல்யாணத்துல நட்டநடுவுல நின்னு அழுதீங்களாமே? கட்டுப்படுத்த முடியாம போயி, பார்ட்டியே வந்து உங்களைச் சமாதானப்படுத்தினாங்களாம். தப்பா நெனைக்காதீங்க. பொம்பளைங்க மனசு இளகின மனசு. இது அடாவடிக்காரங்க வந்துபோற இடம்."

சமாதானப்படுத்தினார்களாம். கல் உட்கார்ந்தது. யார், யாரைச் சமாதானப்படுத்தினார்கள். அந்த முழங்கை எலும்பு இவள் கைக்குள் மறுபடி நடுங்கியது. காலண்டர், காலண்டர் எங்கே, இந்த அறையில் காலண்டர் இல்லை, சுவர் முழுக்க வெள்ளை. நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தாள், சிலசமயம் அது உதவும். உதவவில்லை. இடது கண்ணில்தான் முதலில் வரும். வந்தது. கன்னத்தில் சூடாக ஒரு கோடு. நிரஞ்சனா தட்டுவதை நிறுத்தினாள். கதிரேசன் பதறிப்போய்த் தண்ணீர்த் தம்ளரை அவள் பக்கம் தள்ளினார். கோதண்டத்தின் முகத்தில் அந்த 'பாத்தியா' வந்து நின்றது, வாய்விட்டுச் சொல்லத்தான் இல்லை. எழுந்து போய்விடலாம், கும்பிட்டுவிட்டு, பஸ் ஏறி. வீட்டில் குழாயடி இருக்கிறது, மொட்டை மாடி இருக்கிறது, அங்கே முழுசாகச் சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டே கிழவியாகிவிடலாம்.

"தண்ணி வேண்டாங்க. என்கிட்டயே நிறைய இருக்கு" என்றாள்.

அது தன் வாயிலிருந்து வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. நிரஞ்சனாவுக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டாள். மங்கையர்க்கரசி துடைக்கவில்லை. கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"முன்னாடி சொன்னது என் பொண்ணு சொல்லிக்குடுத்தது. அதை அடிச்சிடுங்க. என் பலவீனம் இதுதான், நீங்க பாத்துக்கிட்டிருக்கீங்களே, இது. எனக்குக் கோபம் வந்தா கண்ணுல தண்ணி வரும். துக்கம் இல்லைங்க. பயமும் இல்லை. இப்ப எனக்குக் கோபம்." மூக்கை உறிஞ்சினாள். குரல் உடைந்தது, உடைந்த குரலோடே போனாள். "சார் சொன்னது நடக்கலை. பொண்ணோட அப்பாவைக் கால்ல விழச் சொன்னாங்க. அவர் துண்டை இடுப்புல கட்டிட்டாரு. நான் போய் அவரைப் புடிச்சு நிமித்தினேன். விழக்கூடாதுன்னு சொன்னேன். அழுதுக்கிட்டேதான் சொன்னேன். அவர் விழலை. கல்யாணம் நிக்கலை. என்னை யாரும் சமாதானப்படுத்தலை, நான்தான் அவங்களுக்குப் பாயசம் ஊத்தினேன்."

வெளியே எங்கோ ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. அவள் நிறுத்தவில்லை. நிறுத்தாமல் போகலாம் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. தண்ணீர் ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தது, சொல் ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தது, இரண்டுக்கும் வழி இருந்தது, ஒன்றை ஒன்று அடைக்கவில்லை. அன்றைக்கு அந்தக் கூடத்திலும் இப்படித்தானே நடந்தது. செய்துகாட்டிவிட்டு, செய்யத் தெரியாது என்று இத்தனை மாதம் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இங்க வேலைக்கு வந்தா இங்கயும் அழுவேன். வேலை பாக்கிறவங்ககிட்ட முதல் நாளே சொல்லிடுவேன். மேனேஜர் கண்ணு கலங்கினா யாரும் கைக்குட்டையைத் தூக்கிக்கிட்டு ஓடிவர வேண்டாம், என்ன சொல்றாங்கன்னு கேளுங்க, அது போதும்னு. கத்துறவங்களை நீங்க வேலைக்கு வச்சிருக்கீங்க இல்லை? கத்துறதும் அடங்காத கோபம்தான். அதை யாரும் இளகின மனசுன்னு சொல்றதில்லை."

கோதண்டம் தம்ளரைத் தன் பக்கம் இழுத்துத் தானே ஒரு வாய் குடித்தார். "நான் கேட்டது வேற மாதிரி ஆயிடுச்சும்மா. விசாரிச்சதுல அப்படித்தான் சொன்னாங்க" என்றார், கொஞ்சம் குரல் இறங்கி.

"தெரியுதுங்க. அதனாலதான் நடந்ததைச் சொன்னேன்."

சொல்லி முடித்தாயிற்று. முழுசாக. கடைசிச் சொல் வரைக்கும். நெஞ்சுக்குள்ளே, பெரிய கல்யாணம் முடிந்து கழுவிவிட்ட கூடம் மாதிரி, காற்று தாராளமாகப் போய்வந்தது. வேலை கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை, இப்போதும் நினைக்கவில்லை. வேலை வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் கெஞ்ச வேண்டியதில்லை. தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், நிதானமாக, இரண்டு கன்னத்தையும்.

"நான் ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க" என்றாள் நிரஞ்சனா.

"என் பலவீனத்தைச் சொல்லிட்டேன். இந்த மண்டபத்தோட பலவீனம் என்னங்க? தெரிஞ்சா அதுக்குத் தகுந்த மாதிரி வேலையை ஆரம்பிக்கலாம்."

நிரஞ்சனா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். கோதண்டம் பேனா மூடியைப் பார்த்தார். கதிரேசன் நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நான்தான்" என்றார் கடைசியில். "என்னால யாருக்கும் இல்லைன்னு சொல்ல முடியாது. ஆவணியில ஒரு ஞாயித்துக்கிழமை. மண்டபத்தைத் துறையூர்க்காரருக்கும் குடுத்துட்டேன், லால்குடிக்காரருக்கும் குடுத்துட்டேன். ரெண்டு பேரும் நேர்ல வந்து நின்னாங்க. ரெண்டு பேருக்கும் சரின்னுட்டேன்."

"அப்பா, இதை இப்ப எதுக்கு—" என்றாள் நிரஞ்சனா.

"கேட்டாங்களேம்மா."

ஒரே நாள், இரண்டு கல்யாணம். மங்கையர்க்கரசிக்குள் அந்த ஞாயிற்றுக்கிழமை முழுசாக விரிந்தது. வாசலில் இரண்டு நாதஸ்வரம், இரண்டு பெயர்ப் பலகை, இரண்டு அப்பா. இரண்டு பேரும் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு. "யாரு இன்னும் பத்திரிகை அடிக்கலை?"

"லால்குடிக்காரர். அடுத்த வாரம் அடிக்கக் குடுக்கப்போறேன்னாரு."

"அவர்கிட்ட விஷயத்தைச் சொல்லியாச்சா?"

கதிரேசன் கோதண்டத்தைப் பார்த்தார். கோதண்டம் சொல்வதாக இருந்திருக்கிறது. ஆனி மாதத்திலிருந்தே சொல்வதாக இருந்திருக்கிறது. "எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியலைம்மா" என்றார் அவர். இத்தனை நேரத்தில் முதன்முறையாக அந்த மனிதரைப் பிடித்தது அவளுக்கு.

"நம்பர் குடுங்க. இப்பவே பேசிடலாம். தப்பு நம்ம மேல. நாள் தள்ளத் தள்ள அவருக்குத்தான் சிரமம்."

நம்ம என்று சொன்னதை அவள் கவனிக்கவில்லை. நிரஞ்சனா கவனித்தாள், லேப்டாப்பை மெதுவாக மூடினாள்.

"திட்டுவாரும்மா" என்றார் கதிரேசன்.

"திட்டட்டுங்க."

"நீங்க அழுதுட்டீங்கன்னா?"

"அநியாயமாத் திட்டினாத்தான் எனக்கு அழுகை வரும். அவர் நியாயமாத்தான் திட்டுவாரு." நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அதே நாள், இதே மாதிரி நல்ல மண்டபமா ஒண்ணு புடிச்சுக் குடுக்கணும். எனக்கு நாலு இடத்துல ஆள் தெரியும். கூடுதல் செலவு எது வந்தாலும் நம்ம பக்கம். இதைச் சொல்லிட்டுத்தான் மன்னிப்பே கேப்பேன். சரிங்களா?"

கதிரேசன் தலையாட்டினார்.

"வாயால சொல்லுங்கய்யா. அப்புறம் வேற யாராவது வந்து நின்னா மாத்திடுவீங்க."

நிரஞ்சனா இம்முறை அடக்காமல் சிரித்துவிட்டாள். கதிரேசனும் சிரித்தார், அந்தப் பெரிய உடம்பு குலுங்க. "சரிங்க. சரி. மாத்த மாட்டேன்." பிறகு சிரிப்பு அடங்கி, இத்தனை நாள் முதுகில் கிடந்த மூட்டையை யாரோ ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தாற்போல ஒரு பெருமூச்சு விட்டார். மகளைப் பார்த்தார். மகள் கண்ணாலேயே ஆமாம் என்றாள். கோதண்டம் தன் செல்போனை எடுத்து, எண்ணைத் தேடி, அழுத்துவதற்கு முன் தயங்கி அவளிடம் நீட்டினார்.

"யாரு பேசுறதுன்னு கேப்பாரேம்மா" என்றார்.

மங்கையர்க்கரசி முதலாளியைப் பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான்.

"மேனேஜர்னு சொல்லுங்க" என்றார் கதிரேசன்.

போனைக் காதில் வைத்தாள். மணி அடித்தது. இலக்கியாவிடம் என்ன சொல்வது, அவள் நம்பவே மாட்டாள். சுந்தரேசன் இந்நேரம் மூன்றாம் நடைமேடையில் மதுரை வண்டிக்காரனிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். சாப்பாட்டுக் கூடத்துக்குத் தடுப்பு போடணும், ஜெனரேட்டரை நகர்த்தணும், அது அப்புறம், எல்லாம் அப்புறம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. நன்றாக இருந்தது அந்தப் படபடப்பு, மேளம் ஆரம்பிக்கிற நேரம் மாதிரி. யாரோ எடுத்தார்கள். ஹலோ, யாருங்க என்றது ஒரு கனத்த குரல்.

"வணக்கங்க. கதிரேசன் ஐயா மண்டபத்துலேருந்து மங்கையர்க்கரசி பேசுறேன்" என்றாள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆமாங்க. நான்தான் மேனேஜர்."